அப்பா காலத்தில் வீடு எளிதாம்: யாருடைய அப்பாவுக்கு?

"அந்தக் காலத்துல அப்பா ஒரே சம்பளத்துல வீடு கட்டினாரு. இப்ப ரெண்டு பேர் சம்பாதிச்சும் ஒரு மனை வாங்க முடியல." டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இந்தப் பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. ஆரணியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகும் நம் தம்பி தங்கைகளும் இதையே சொல்கிறார்கள். மனை விலையைப் பார்த்தவர்கள் யாரும் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொல்லும்போது யாருடைய அப்பாவை மனதில் வைத்துச் சொல்கிறோம்? நம் அப்பா அந்தத் தெருவில் மனை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? நம் தாத்தா குடியிருந்த மண் யார் பெயரில் இருந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் "முன்பு எளிது, இப்போது கடினம்" என்று பேசினால், வேறு ஒருவர் வீட்டு வரலாற்றை நம் வரலாறாக எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

தாத்தா குடியிருந்த மண்

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹியர் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. சேரியில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருந்த மனையே அவர்களுடையதாக இல்லை. பல இடங்களில் அது மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கேட்டாலோ, வேறு பண்ணைக்குப் போனாலோ, "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொல்ல அவரால் முடிந்தது. குடியிருப்பு என்பது வேலையாளைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30ல் வந்ததுதான் அரசாணை எண் 1010. இன்று நாம் "பஞ்சமி நிலம்" என்று சொல்வதன் வேர் அதில் இருக்கிறது. மேடைகளில் இதை "1892 சட்டம்" என்று சொல்கிறோம். மாணவர்கள் கவனிக்க வேண்டும்: அது சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் இல்லை, அரசாணை. இந்த வேறுபாடு தெரியாமல் அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியிலேயே நம்மை மடக்கிவிடுவார்கள். பிந்தைய ஆணைகளும் ஒப்படை நிபந்தனைகளும் சேர்ந்துதான் இந்த நிலத்தைத் தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற பாதுகாப்பை உருவாக்கின. நம் இயக்கங்கள் சொல்லும் 12 லட்சம் ஏக்கர் கணக்கு இந்த ஒப்படைகளைத்தான் குறிக்கிறது.

ஆரணிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. ஆரணி வெள்ளையர் ஆட்சியிலும் ஜாகீராகவே இருந்தது. மராட்டியர் காலத்தில் இங்கு வந்த ஒரு பிராமணக் குடும்பம் ஜாகீர்தாராக இருந்து வரி வாங்கியது. அரசுத் தரிசை நம் மக்களுக்குக் கொடு என்று சென்னையில் ஆணை போட்டால், தரிசு அரசின் கையில் இருக்கும் ஊர்களில்தான் அது செல்லும். தரிசே ஜாகீர்தாரின் கையில் இருக்கும் கிராமத்தில் அந்த ஆணையால் என்ன செய்ய முடியும்? எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948ல்தான் வந்தது. பக்கத்து ரயத்துவாரி ஊரில் கிடைத்தது ஏன் நம் ஊரில் கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் கேட்டால், விடையைத் தேட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

நம் முதல் வீட்டுக்கடன்

வீட்டுக்கடன் ஐ.டி. தலைமுறையோடு வந்தது என்று நினைக்கிறோம். 1920ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவானது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது அந்தத் துறையின் வேலைகளில் ஒன்று. நிலத்தை வாங்க அரசு பணம் கொடுக்கும், மனை பெற்றவர் அதைத் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கூலியை நெல்லாக வாங்கிக்கொண்டிருந்த மனிதர், தான் பிறந்த மண்ணுக்கே தவணை கட்டியிருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மக்கள் மாதத் தவணைக்காரர்களின் முன்னோடிகள்!

அதன் பிறகு வந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். 1971ல் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், பண்ணை நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கியது. 1974ல் தாட்கோ வீடு கட்டித் தரும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1978ல் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நில உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்று வந்தது. நம் ஊர்களில் நிற்கும் தொகுப்பு வீடுகள் பெரும்பாலும் இந்த வரிசையில் பிறந்தவைதான்.

ஆக, நம் அப்பா வீடு "வாங்கவில்லை". மனுப் போட்டு, தாசில்தார் வாசலில் நின்று, பட்டா பெற்றார். சந்தையில் வாங்கியவரின் வீடு தெருவுக்குள் இருந்தது. நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரை ஓரத்திலோ சுடுகாட்டுப் பாதையிலோ இருந்தது.

வீடு இருந்தால்தான் தறி

பட்டு ஊரில் இதன் விளைவு இன்னும் ஆழமானது. ஆரணியில் வீடு என்பது தூங்கும் இடம் மட்டும் இல்லை, பட்டறையும் அதுதான். குழித்தறி போடத் தரையைத் தோண்ட வேண்டும். வாடகை வீட்டில் தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் விடுவார்? ஜக்கார்டு பெட்டி ஏற்றக் கூரை உயரமாக இருக்க வேண்டும். பாவு நீட்ட நீளமான தெரு வேண்டும். மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காத மேடான தரை வேண்டும். இத்தனையும் இருந்தது நெசவுச் சாதிகளின் தெருக்களில். பள்ளத்தில் இருந்த காலனியில், தாழ்ந்த கூரைத் தொகுப்பு வீட்டில் தறி எங்கே போடுவது?

பிற்காலத்தில் பட்டு நெசவு ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் பரவியது. நம்மவர் சிலரும் தறிக்கு வந்தார்கள், பெரும்பாலும் முதலாளி போட்ட தறியில் கூலிக்கு. அட்வான்ஸ் வாங்கினால் அது தீரும்வரை அங்கேதான் நெய்ய வேண்டும். சொந்த வீடு இருந்தவர் வீட்டை வைத்துத் தறியும், தறியை வைத்து அடுத்த வீடும் சேர்த்தார். வீடு இல்லாதவரின் உழைப்பு இன்னொருவர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஆரணியை 1973 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்வு செய்தவர் பார்பரா ஹாரிஸ்-வைட். உலகில் எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க, நம் சின்ன ஊரின் சந்தையை அவர் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். நவீனச் சந்தை வந்தால் சாதி கரையும் என்ற நம்பிக்கைக்கு எதிராக, சாதிச் சங்கங்களே வணிகத்தை ஒழுங்குபடுத்துவதை அவருடைய எழுத்துகள் காட்டுகின்றன. கடை, ஆலை, கிடங்கு, மனை ஆகியவை எந்தக் கைகளுக்குள் சுற்றுகின்றன என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். அதை ஆய்வாகப் படிப்பதும் நமக்குத் தேவை.

இன்றைய கணக்கு

இப்போது நம் தலைமுறைக்கு வருவோம். அப்பாவுக்குக் கிடைத்த மூன்று சென்ட் பட்டா மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால், ஒருவருக்கு ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி. அந்தப் பட்டாவிலும் நிபந்தனைகள் இருப்பதால் அதை அடமானமாக ஏற்க வங்கி தயங்குகிறது. பாதுகாப்புக்காகப் போட்ட நிபந்தனைதான், நாம் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதே நிபந்தனை கடன் கதவை மூடுகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். இந்த முரணுக்கு விடை நிபந்தனையை நீக்குவதில் இல்லை. அந்த மனைக்கும் கடன் கொடுக்க அரசே உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்பதில் இருக்கிறது.

2024ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. நல்லது. ஆனால் மனை இருப்பவருக்குத்தான் அது வரும். மனை இல்லாதவர் சந்தைக்குப் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் மனை என்று வைத்துக்கொண்டால், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 45,000 ரூபாய். (2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வீட்டில் சொல்லுங்கள்.) பணம் சேர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்குப் பதில் சொன்னதும் மனை "ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு" ஆகிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே புலம்பல் கேட்கிறது, தாத்தா பாட்டி காலத்தில் வீடு மலிவு என்று. ஆனால் 1930களில் கறுப்பர் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணம் பூசிக் கடனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கினார்கள். வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968ல்தான் வந்தது. அந்த மலிவான காலம் எல்லோருக்கும் மலிவாக இல்லை.

எனவே நம் பதில் இதுதான். தாத்தாவைத் தடுத்தது நில உரிமையாளரின் அதிகாரம். அப்பாவுக்கு அரசு பட்டா கொடுத்தது, ஆனால் ஊருக்கு வெளியே நிறுத்திக் கொடுத்தது. நமக்குச் சட்டத்தில் தடை இல்லை, விலையும் சாதியும் சேர்ந்து தடுக்கின்றன. மற்றவர் வீட்டுப் பிள்ளை விலையோடு மட்டும் போராடுகிறார், அவருக்குப் பின்னால் விற்க ஒரு பூர்வீக வீடாவது இருக்கிறது. நமக்கு அந்த மூலதனம் சேரவிடப்படவில்லை. இது தனிமனிதச் சேமிப்புப் பழக்கத்தால் வந்த குறை இல்லை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஆவணத்தில் நமக்கு என்று எழுதியிருந்த நிலத்தை. அந்த ஆவணங்களைப் படிக்கும் வேலை இன்று நம்முடையது.

உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டை எடுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் சர்வே எண் வாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள். ஒப்படை நிலம் எந்த ஆண்டில் யார் பெயருக்கு மாறியது என்பது அங்கே தெரியும். உங்கள் காலனியில் பட்டா இருந்தும் கணினியில் ஏறாதவர்கள் எத்தனை பேர், ஒரே மனையில் எத்தனை குடும்பங்கள் என்று வீடு வீடாக எழுதுங்கள். ஒரு ஊரில் நான்கு மாணவர்கள் சேர்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் வேலை. அந்தப் பட்டியலோடு போனால் "மனு கொடுத்துட்டுப் போங்க" என்று நம்மை அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

ஜெய் பீம்.