உறைந்த காரும் ஓடும் ரயிலும்: வீடியோ கேம் வழியே கமெராக் கல்வி

வீடியோ கேமில் படம் பிடித்துப் பழகியவர் கையில் நிஜக் கமெராவைக் கொடுத்தால் படம் சரியாக வருமா? இலங்கையில் இது காசோடும் சம்பந்தப்பட்ட கேள்வி. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியாகும் கமெராவும் லென்ஸும் பலருக்கு எட்டாக்கனியாயின. வீட்டில் ஏற்கனவே கணினி இருந்தால் கேமுக்கு அவ்வளவு செலவில்லை. அந்தச் செலவில் எதைக் கற்கலாம், எது கைக்கு வராது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், கற்க வேண்டியது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பின் வெள்ளவத்தை ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தண்டவாளத்தை ஒட்டிக் கடல். கடலுக்கு மேல் சாயும் வெயில். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8, ஷட்டர் 1/500 என்று வைத்தால் ஓடும் ரயில் நின்றதுபோல விழும், பின்னணி மங்கும். எஃப் 11, 1/30 என்றும் வைக்கலாம். அப்பேர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) சுருக்கியதை, ஷட்டரின் நான்கு ஸ்டாப் மந்தம் ஈடுகட்டிவிடுகிறது. வெளிச்சம் அதேதான், படமோ வேறு. ரயிலின் வேகத்துக்குக் கமெராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் பெட்டிகள் துலங்கும், கடல் கோடுகளாக இழுபடும். திருப்பாமல் நின்றால் ரயிலே இழுபட்டுப்போகும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கும் இந்தக் கணக்குத்தான் கமெராப் பாடத்தின் கரு.

இந்த அளவுகோலில் பிரபலமான கேம்கள் பல தேறுவதில்லை. 1999இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘போக்கிமான் ஸ்னாப்’ விரைந்து கிளிக் செய்யும் பழக்கத்தைத் தருகிறது. ஆனால் அங்கே அப்பேர்ச்சரும் இல்லை, ஷட்டர் வேகமும் இல்லை. போதாததற்கு, போக்கிமான் சட்டகத்தின் நடுவில் இருந்தால் கேமில் படங்களை மதிப்பிடும் பேராசிரியர் ஓக் புள்ளியை இரட்டிப்பாக்குகிறார். எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கத்தைப் புகைப்பட ஆசிரியர்கள் பிறகு பாடுபட்டு மாற்ற வேண்டியிருக்கும்.

2004இல் வந்த ‘கிரான் டுரிஸ்மோ 4’ என்ற கார்ப் பந்தயக் கேம், காட்சியை நிறுத்திவைத்துப் படமெடுக்கும் போட்டோ மோடைக் கொண்டுவந்தது. அந்த வரிசையின் பிந்தைய கேம்களில் எஃப் எண், ஷட்டர் வேகம் என எல்லாமே திரையில் வரிசையாக நிற்கின்றன. சக்கரம் சுழல்வதும் பின்னணி மங்குவதும் உடனுக்குடன் தெரிகின்றன. ஆனால் கார் உறைந்து நிற்கிறது. அப்பேர்ச்சரைச் சுருக்கினாலும் படம் இருள்வதில்லை. விளைவின் பெயர் மனதில் பதிகிறது, அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பதிவதில்லை.

காரணம் கேம்களின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. பல கேம்கள் உருவாகும் அன்ரியல் என்ஜின், வழக்கமாகக் காட்சியின் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் வாசலில் நிற்பவருக்கு இதன் பொருள் புரியும். 1856இல் பொன்னம்பல முதலியார் நிறுவி, பின்னர் சேர். பொன். இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில் அது. வெளியே உச்சி வெயில். உள்ளே விளக்கொளி மட்டும் படும் தூண்கள். இத்தகைய இரண்டு வெளிச்சங்களுக்கிடையே பத்து ஸ்டாப் வரை, அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு, வித்தியாசம் இருக்கலாம். கண் சற்று நேரத்தில் பழகிக்கொள்ளும். மனுவல் மோடில் இருக்கும் கமெரா பழகாது. ஐஎஸ்ஓவைக் கூட்டுவதா, ஷட்டரை மெதுவாக்குவதா என்று பிடித்திருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். என்ஜின் அந்த முடிவையே அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதனால் கேமே வீண் என்றாகிவிடாது. கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் போல் ஜீ 2003இல் வீடியோ கேம்கள் பற்றி வெளியிட்ட நூலில், நிஜ உலகில் பிழைக்குள்ள விலை கேமில் குறைவதால் கற்பவர் துணிந்து முயல்கிறார் என்று வாதிட்டார். கொழும்பின் புகைப்பட வரலாறே இதற்குச் சான்று. புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) கையாண்ட ரோலைஃபிளெக்ஸ் கமெராவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். தவறிய ஒவ்வொன்றுக்கும் ஃபிலிமும் கழுவும் செலவும் போயின. தவறு தெரியவந்ததும் இருட்டறையில்தான். இன்றைய மாணவர் கேமில் ஒரே காட்சியை எத்தனை முறையும் எடுத்துப் பார்க்கலாம். 2025இல் வெளிவந்த ‘லஷ்ஃபாயில் போட்டோகிராஃபி சிம்’ குவியம், வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர் ஆகியவற்றைக் கையாலேயே திருத்தவைக்கிறது. 2008இல் ப்ளேஸ்டேஷன் 3க்கு வந்த ‘ஆஃப்ரிகா’வில் சோனியின் நிஜக் கமெராக்களே இடம்பெற்றன, விலங்குகளோ படம் எடுப்பவருக்காகக் காத்திருப்பதில்லை. காலம் ஓடுகிற கேமே போட்டோ மோடைவிடக் கமெராவுக்கு நெருக்கமானது.

ஆகவே கொழும்பில் புகைப்பட வகுப்பு நடத்துவோர் கேமை முதல் பாடமாகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எஃப் எண் கூடினால் துவாரம் சுருங்கும் என்பதைக் கரும்பலகையைவிட அது விரைவாகப் புரியவைக்கும். ஆனால் புள்ளியைக் கேம் படத்துக்குப் போட வேண்டாம். வகுப்புக்குப் பொதுவாக ஒரு பழைய டிஎஸ்எல்ஆரை வாங்கி, ஓட்டோ மோடைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு மாணவரை மாலை ரயிலுக்கு வெள்ளவத்தைக்கு அனுப்புங்கள். தேர்வை அங்கே வையுங்கள்.