இளைய பிட்டின் முதல் மூன்று ஆண்டுகள்

பிரிட்டனின் பிரதமர்களில் மிகக் குறைந்த வயதில், அதாவது 24ஆம் வயதில், பதவியேற்றவர் வில்லியம் பிட். இதே பெயருடைய தந்தையான சாத்தம் பிரபுவும் அரசின் தலைமையில் இருந்தவர் என்பதால், மகனை 'இளைய பிட்' என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. தந்தையின் புகழும் மகனின் நாவன்மையும் இந்த உயர்வுக்கு உதவின என்பதில் ஐயமில்லை. எனினும், எந்தப் பதவியை எப்போது மறுப்பது என்று அவர் அறிந்திருந்ததே 1781க்கும் 1784க்கும் இடையில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

1780ஆம் ஆண்டுத் தேர்தலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் போட்டியிட்ட பிட், வேட்பாளர்களில் கடைசியாக வந்தார். பின்னர் ஆப்பிள்பி என்னும் சிறு தொகுதி அவருக்குக் கிடைத்தது. அது 'பாக்கெட் பரோ' வகையைச் சேர்ந்தது. அதாவது, வாக்காளர் சிலரே இருக்க, பெருநிலக்கிழார் ஒருவர் சுட்டிய ஆளே உறுப்பினராகும் தொகுதி. ஆப்பிள்பியில் அந்த அதிகாரம் சர் ஜேம்ஸ் லோதரிடம் இருந்தது. இவ்வழியே 1781 ஜனவரியில், 21ஆம் வயதில், பிட் காமன்ஸ் சபையில் அமர்ந்தார். அரசவைச் செலவையும் அரசரின் சலுகைப் பதவிகளையும் குறைக்க எட்மண்ட் பர்க் கொண்டுவந்த மசோதாவின் மீது பிப்ரவரி 26 அன்று விவாதம் நடந்தபோது, உறுப்பினர்கள் எதிர்பாராமல் அவர் பெயரைச் சொல்லி அழைக்க, முன்தயாரிப்பின்றி எழுந்து அவர் ஆற்றிய கன்னிப் பேச்சு சபையைக் கவர்ந்தது.

அமெரிக்கப் போரின் தோல்வியால் 1782 மார்ச்சில் நார்த் பிரபுவின் அரசு வீழ்ந்தது. அடுத்து வந்த ராக்கிங்காம் பிரபு, ஆண்டுக்கு 5,000 பவுண்டு தரும் பதவியொன்றை அளிக்க முன்வந்தும், கீழ்நிலைப் பதவி எதையும் ஏற்பதில்லை என்று சபையில் முன்பே அறிவித்திருந்த பிட் அதை மறுத்தார். மே 7 அன்று, பிரதிநிதித்துவ முறையை ஆராயக் குழு அமைக்கக் கோரி அவர் கொண்டுவந்த தீர்மானம் 161க்கு 141 என்ற வாக்குகளில் தோற்றது. ஜூலையில் ராக்கிங்காம் மறைந்தபின் ஷெல்பர்ன் பிரபுவின் அரசில் 23ஆம் வயதில் நிதியமைச்சரான அவர், அவ்வரசு 1783இல் கவிழ்ந்ததும் அரசர் மூன்றாம் ஜார்ஜ் தாமே அளித்த பிரதமர் பதவியை, சபையில் பெரும்பான்மை அரசியல் தலைவர்களான ஃபாக்ஸ், நார்த் இருவரின் கூட்டணியிடம் இருப்பதைக் கணித்து, ஏற்க மறுத்தார்.

இதையடுத்து ஆட்சிக்கு வந்த அக்கூட்டணியின் இந்திய மசோதா, அரசரின் மறைமுகத் தலையீட்டால் டிசம்பர் 17 அன்று பிரபுக்கள் சபையில் தோற்றது. இரண்டே நாளில் பிட் பிரதமரானார். ஆகவே, அவரைப் பிரதமராக்கியது அரசரின் தயவேயன்றி மக்களின் வாக்கு அன்று. சபையில் அடுத்தடுத்துத் தோற்ற நிலையில், 1784 ஜனவரியில் 'கிளார்க் ஆஃப் தி பெல்ஸ்' என்ற பதவி காலியானது. வேலை ஏதுமின்றி ஆண்டுக்கு 3,000 பவுண்டு தரும் அப்பதவியைப் பிரதமர் தாமே எடுத்துக்கொண்டாலும் வழக்கப்படி எவரும் குறைகூற இயலாது. பெருஞ்செல்வம் இல்லாத பிட்டோ அதைக் கர்னல் பாரேக்கு அளித்து, பாரே பெற்றுவந்த 3,200 பவுண்டு அரசு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்கச் செய்தார். கருவூலத்துக்கு மிச்சமும் பிட்டுக்கு நற்பெயரும் ஒருசேரக் கிட்டின. மார்ச் 8 அன்று எதிர்த்தரப்பின் தீர்மானம் 191க்கு 190 என ஒரே வாக்கில்தான் நிறைவேறியது. அம்மாதமே சபை கலைக்கப்பட்டது. தொடர்ந்த தேர்தலில் பிட்டின் தரப்பு பெரும்பான்மை பெற, அவரும் முன்பு தோற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியிலேயே வென்றார்.

அவ்வாண்டே அவர் நிறைவேற்றிய இந்தியச் சட்டம், லண்டனில் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. சென்னை மாகாணமும் 1858 வரை அந்த ஏற்பாட்டின்கீழ் ஆளப்பட்டது. ஆனால், 36 சீர்கெட்ட தொகுதிகளை இழப்பீடு தந்து ஒழிக்க அவர் 1785இல் முயன்றபோது, பிரதமராக இருந்தும் 248க்கு 174 என்ற வாக்குகளில் தோற்றார். அவருக்கு முதல் இருக்கையை அளித்த ஆப்பிள்பி உள்ளிட்ட அத்தகைய தொகுதிகள் பல, அவர் இறந்து 26 ஆண்டுகளுக்குப் பின், 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டன.