புதைக்கப்பட்ட அன்னை

1521 ஆகஸ்ட் 13 அன்று அஸ்தேக்கரின் தலைநகரான தெனோச்தித்லான் இஸ்பானியரிடம் வீழ்ந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, அவற்றின் கற்கள் புதிய நகரின் கட்டடங்களுக்குள் சென்றன. சரியாக 269 ஆண்டுகள் கழித்து, 1790இல் அதே ஆகஸ்ட் 13ஆம் நாள், மெக்சிகோ நகரின் பெரிய சதுக்கத்தைச் சீரமைக்கத் தோண்டியவர்கள் ஒரு பெருஞ்சிலையைக் கண்டனர். அது கோவாத்லிக்குவே, தேவர்களை ஈன்ற அன்னை. பின்னிய பாம்புகளே அவளது பாவாடை. இதயங்களும் துண்டித்த கைகளும் கழுத்தணி. தலை இருக்கவேண்டிய இடத்தில் எதிரெதிரே நோக்கும் இரு நாகங்கள். அழகு என்ற சொல்லை இதன்முன் எளிதில் சொல்ல நா எழாது. ஆயினும் இதைச் செதுக்கியவன் கைதேர்ந்த சிற்பி என்பதை மறுக்கவும் இயலாது.

அதே ஆண்டு டிசம்பரில் சூரியக்கல் கிடைத்தது. காலக்கணிதச் சின்னமாக மதிக்கப்பட்ட அக்கல், பேராலயத்தின் கோபுரச் சுவரிலேயே பதிக்கப்பெற்று 1885 வரை அங்கிருந்தது. அன்னைக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. அரசப் பிரதிநிதியின் ஆணைப்படி அவள் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். அங்கே பூர்வகுடி மக்கள் வரலாயினர். முதலில் இதை வெறும் ஆர்வம் என்றே கருதினர். பின்னர், ஆளில்லா நேரம் பார்த்து மெழுகுவர்த்தியுடன் வந்து அவர்கள் மன்றாடுவது தெரியவந்தது. இதனை 1805இல் எழுதிவைத்தவர் மொக்சோ என்னும் ஆயர். பேராசிரியர்கள் அஞ்சினர். சிலை முற்றத்திலேயே மீண்டும் புதைக்கப்பட்டது.

அந்த அச்சத்தை இன்று எள்ளி நகையாடுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். ஆனால் மெழுகுவர்த்தி ஏந்தியோரின் முன்னோர் திருமுழுக்குப் பெற்று இரண்டரை நூற்றாண்டு ஆகியிருந்ததே! நமக்குக் கிடைத்திருப்பவை பார்த்தவர்களின் சொற்கள்; முழந்தாளிட்டவர்களின் சொற்கள் அல்ல.

1803இல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் வேண்ட, மான்ட்டெர்ரே ஆயரின் பரிந்துரையால் சிலை தோண்டிக் காட்டப்பெற்று, மறுபடியும் மூடப்பட்டது. 1823இல் ஆங்கிலேயரான புல்லக் அச்சு எடுப்பதற்காக இன்னொருமுறை தோண்டியபோது, இருள் கவிந்தபின் யாரோ வந்து அதற்கு மலர்மாலை சூட்டியிருந்தனர் என்று குறித்துள்ளார்.

1964இல் திறக்கப்பட்ட தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இப்போது அன்னை நிற்கிறாள். அச்சிலையின் அடிப்புறத்திலும் நிலத்தெய்வத்தின் உருவம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளது. நிறுத்தியபின் எந்த மனிதக் கண்ணும் காண முடியாத இடம் அது. கல்லின் அப்பக்கம் இன்றும் தரையை நோக்கியே இருக்கிறது.