வெற்றுக் கோதும் இரண்டாவது எண்ணும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் செல்வோர் ஓர்க்கிட் மலர்களையும், பனை வரிசைகளையும், மகாவலிக் கரையின் மூங்கிற் புதர்களையும் பார்த்துத் திரும்புவர். 1944 ஏப்ரலில் அப்பூங்கா ஒரு போர்த் தலைமையகமாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டில்லியிலிருந்து அங்குதான் மாற்றினார். பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்த நேச நாடுகளின் போர் அம்மர நிழல்களிலிருந்தே நெறிப்படுத்தப்பட்டது.

அண்மையில் அங்கு நடந்துகொண்டிருந்தபோது, பள்ளிக்கூடக் கெடேற் நாட்களின் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. எங்களுக்குப் பயிற்சி தந்தவை அப்போரில் பிரித்தானியப் படைகள் ஏந்திய .303 துப்பாக்கிகளே. சுட்டு முடிந்ததும் சார்ஜன்ட் வெற்றுக் கோதுகளை எண்ணுவார். ஒருநாள் ஒன்று குறைந்தது. பொழுது சாயும்வரை புல்லுக்குள் தேடினோம். "வெறுங் கோதுதானே ஐயா?" என்று ஒருவன் கேட்டான். "நிரப்பத் தெரிஞ்சவன்ர கையில இது வெறுங் கோது இல்லைத் தம்பி" என்றார் அவர். அச்சொல்லின் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

தோட்டா நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கோது, வெடிமருந்து, அடியில் பொறி தரும் சிறு மூடி, முனையில் சன்னம். சுட்டதும் வெடிமருந்தும் சன்னமும் போய்விடும்; பயன்தீர்ந்த மூடியுடன் கோது மிஞ்சும். அதனை மீண்டும் நிரப்பலாம் என்பதே ஆட்சியாளரின் அச்சம்.

பிரித்தானிய இந்திய அரசு 1907இல் .450 அளவுடைய துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தது. சூடானிலும் அத்தடை நடைமுறைக்கு வந்தது. யானையும் காட்டெருமையும் சுடும் கனவான்களின் வேட்டைத் துப்பாக்கி அது. ஆனால், படையினர் முன்னர் பயன்படுத்திய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியின் சன்னமும் அதே அளவினது. அத்துப்பாக்கிகள் பல அரசின் எதிரிகளிடம் சேர்ந்திருந்தன. வேட்டைத் தோட்டாவின் சன்னத்தைக் கழற்றி மார்ட்டினிக் கோதில் நிரப்பிவிடுவார்கள் என அரசு அஞ்சியது. பிரித்தானியத் துப்பாக்கித் தொழிலாளர் என்ன செய்தனர்? .465, .470, .476 எனச் சிறிதே வேறுபட்ட புதிய அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். கனவான்களின் வேட்டை தொடர்ந்தது. ஓர் அங்குலத்தின் நூறிலொரு பங்கு, இரண்டு பங்கு வேறுபாட்டில் சட்டம் நிறைவுற்றது.

பெயர் ஒன்றாயிருந்தும் அளவு பிசகினால் நேர்வது இதற்கு மறுபுறம். முதலாம் உலகப் போரில் கனேடியர் றோஸ் துப்பாக்கியுடன் பிரான்சுக்குச் சென்றனர். அதுவும் .303, பிரித்தானியரின் லீ என்ஃபீல்டும்.303. ஆனால் றோஸின் தோட்டா அறை நெருக்கமானது; லீ என்ஃபீல்டின் அறை சேற்றையும் பொறுக்குமளவு தாராளமானது. போர்க்கால அவசரத்தில் செய்யப்பட்ட பிரித்தானியத் தோட்டாக்கள் றோஸின் அறைக்குள் இறுகிக்கொண்டன. 1915 ஏப்ரலில் ஈப்ர களத்தில், நச்சுப் புகைக்கு நடுவே, துப்பாக்கியின் பூட்டைச் சப்பாத்தால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. உயிர் தப்பிய ஐயாயிரம் பேரில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் றோஸை எறிந்துவிட்டு, வீழ்ந்த பிரித்தானியரின் துப்பாக்கியை எடுத்திருந்தனர். பின்னர் றோஸின் அறைகள் அகலமாக்கப்பட்டன. 1916இல் களத்திலிருந்த கனேடியப் படைக்கு லீ என்ஃபீல்டே வழங்கப்பட்டது.

தாராளமான அறைக்கும் ஒரு விலை உண்டு. சுடும்போது பித்தளை விரிந்து அறையின் வடிவத்தைப் பெறுகிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலிகிறது. அதே கோதைத் திரும்பத் திரும்ப நிரப்பினால் அவ்விடத்தில் அறுந்துபோகும். ஒரு .303இல் சுட்ட கோது இன்னொரு .303க்குள் போக மறுப்பதும் உண்டு. ஆகவேதான், தோட்டா நிரப்புவோர் ஒவ்வொரு துப்பாக்கியின் கோதுகளையும் தனித்தனியே வைத்துக்கொள்வர்.

மீண்டும் இலங்கைக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மேல் பறந்த ஜப்பானிய ஸீரோ விமானங்களில் 20 மி.மீ. பீரங்கிகளுடன் 7.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்த்த ஹரிக்கேன்களில் இருந்தவை .303. ஜப்பானியக் கடற்படை முன்னர் பிரித்தானிய ஆயுத மாதிரிகளைப் பெற்றபோது தோட்டாவையும் சேர்த்தே பெற்றிருந்தது. எனவே அன்று எம் வானில் இருதரப்பும் ஒரே வடிவத் தோட்டாவால் ஒருவரையொருவர் சுட்டனர். ஆனால் பர்மாக் காட்டில் ஜப்பானியத் தரைப்படையின் "7.7" வேறு. கடற்படையின் கோது 56 மி.மீ. நீளம், விளிம்புள்ளது, தரைப்படையின் கோது 58 மி.மீ., அதிலும் அரை விளிம்புடையது, விளிம்பற்றது என இருவகை. ஒரு நாட்டின் படைகளுக்குள்ளேயே ஒரே பெயரில் மூன்று தோட்டாக்கள்!

பத்திரிகைத் தொழிலின் தொடக்க காலத்தில் நானும் இதே தவற்றைச் செய்தேன். போர்க் காலத்துச் செய்தியொன்றில் "7.62 மி.மீ. தோட்டாக் கோதுகள் கிடந்தன" என எழுதிக் கொடுத்தேன். மூத்த ஆசிரியர் அவ்வரியைச் சிவப்பு மையால் வளைத்து, "எந்த 7.62?" என்று கேட்டார். கோது 39 மி.மீ. நீளமாயின் ஏ.கே. வகை; 51 ஆயின் எஸ்.எல்.ஆர்.; 54 ஆயின் வேறொரு சோவியத் வகை. இரண்டாவது எண் இன்றி முதல் எண்ணுக்குப் பொருளில்லை. அவ்வரி அன்று அச்சேறவில்லை.

பின்னர் நான் அறிந்தது இன்னுமொன்று. இரண்டாவது எண்ணும் துப்பாக்கியின் வகையைத்தான் சொல்லும். அதனை ஏந்திய கையைச் சொல்லாது. எம் மண்ணில் ஒரே வகைத் துப்பாக்கி எத்தனையோ தரப்பினரின் கைகளில் மாறிமாறி இருந்தது. கோதின் அடியில் பொறித்த தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் அது பிறந்த இடத்தையும் காலத்தையும் சொல்லும். எத்தனை முறை நிரப்பப்பட்டது, கடைசியாக யாரால் சுடப்பட்டது என்பவற்றைச் சொல்லா. ஆயினும் ஒரு கோதைக் காட்டி, "இன்னார்தான் சுட்டனர்" என உறுதியாக எழுதப்பட்ட செய்திகளை நாம் எத்தனை வாசித்தோம்! எத்தனை நம்பினோம்! அவற்றால் பழி சுமந்தோரும் உண்டு, தப்பித்தோரும் உண்டு.

அன்று புல்லுக்குள் தேடிய அந்தக் கோது இருளும் நேரத்தில் ஒரு மாணவனின் சப்பாத்து மடிப்புக்குள்ளிருந்து விழுந்தது. சார்ஜன்ட் அதனை எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, எண்ணிக்கையை மீண்டும் ஒரு முறை சரிபார்த்த பின்னரே எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.