கச்சேரிக்காரர்கள் வாத்தியார் ஆன கதை

தேங்காய்ப்பட்டணம் அன்று இருந்த விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அதுவரை அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைநகர் திருவனந்தபுரம்.

அங்கே 1939-ல் ஆரம்பித்த இசைக்கல்லூரிக்கு (இன்று சுவாதித் திருநாள் பெயரில் இருப்பதுதான்) முதல் முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அடுத்து செம்மங்குடி சீனிவாச ஐயர். அப்போது அவருக்கு வயது முப்பத்துச் சொச்சம், கச்சேரிகளில் கொடிகட்டிப் பறந்த காலம். ஆனாலும் 1963 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிறகு ஜி.என்.பி. வந்தார், 1965-ல் காலமாகும் வரை இருந்தார். வீணைக்கு கே.எஸ். நாராயணசுவாமி. எப்பேர்ப்பட்ட ஸ்டாஃப் ரூம், யோசித்துப் பாருங்கள்!

இவர்கள் பாடம் மட்டும் நடத்தவில்லை. சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைத் தேடியெடுத்து, மெட்டமைத்து, ஸ்வரப்படுத்தியதில் பாகவதருக்கும் செம்மங்குடிக்கும் பெரிய பங்கு. இன்று மேடையில் கேட்கும் மெட்டுகள் பலவும் ராஜா போட்டவை அல்ல.

குருகுலத்தில் ஃபீஸ் கிடையாது, குருவின் வீட்டு வேலை செய்ய வேண்டும். கல்லூரியில் வேலை கிடையாது, ஃபீஸ் உண்டு. எது லாபம்? பையில் காசிருந்தால் கல்லூரிதான். காசில்லாத ஒரு மாணவர் அங்கே சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டுப் போனார். பெயர் கே.ஜே. யேசுதாஸ்.