தோட்டமும் தாமானும்: செபராங் பிறையில் ஒரு சொல் வரலாறு



மொழியியல் கற்றவன் செடிகொடிகளைப் பற்றிப் பேச வந்ததேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் ஓர் அறிவிப்புப் பலகை. நான் வாழும் பட்டர்வொர்த் அடுக்குமாடிக் குடியிருப்பில், முற்றத்துப் புல்வெளியையும் மரங்களையும் சீரமைக்கும் பணி நடந்த காலத்தில், நிருவாகக் குழுவினர் மலாய் அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு கேட்டனர். அதில் 'லண்ட்ஸ்காப்' என்ற சொல் இருந்தது. நான் ஐயமின்றி 'நிலத்தோற்றப் பேணற்பணி நடைபெறுகின்றது' என்று எழுதிக் கொடுத்தேன். பலகை நடப்பட்ட அன்று, அங்கே செடிகளைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் அதன் முன் நின்று இருமுறை படித்தார். இளமையில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். பின்னர் என்னிடம் வந்து, "ஐயா, இது நம்ம வேலையத்தான் சொல்லுதுங்களா?" என்று கேட்டார்.

அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், நாளிதழ் வாசிப்பவர். அவர் வாழ்நாள் முழுதும் செய்த தொழிலுக்கு நான் இட்ட பெயர் அவருக்கு விளங்கவில்லை. பிழை அவருடையதன்று. அவ்வேலைக்கு அவரிடம் என்ன பெயர் இருந்தது என்று தேடப் போனதன் விளைவே இவ்வுரை.

முதலில் 'தோட்டம்' என்னும் சொல்லை நோக்குவோம். தமிழகத்தில் அது வீட்டுப் புறக்கடையையும் குறிக்கும். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசன நிலத்தையும் குறிக்கும். பூந்தோட்டம், வாழைத்தோட்டம் என அடைமொழி பெற்றுப் பொருள் விரியும். மலேசியத் தமிழிலோ அச்சொல் வேறு வழியிற் சென்றது. இங்கே ஒருவர் அடைமொழியின்றி 'எங்கள் தோட்டம்' என்றால், மல்லிகையும் கறிவேப்பிலையும் நம் நினைவுக்கு வருவதில்லை. இரப்பர் நிரையும் லயன் வீடுகளும் பெரட்டுக் களமும் தோட்டப் பள்ளியும் கோயிலுமே வருகின்றன. ஒரு சொல் ஒரு மக்கள் கூட்டத்தின் முகவரியாகிவிட்டபின், வாசலில் நான்கு செடி வைத்திருப்பதைக் குறிக்க அது கூசுகிறது. இன்றும் நம் வீடுகளில் 'பூச்செடி வைத்திருக்கிறோம்' என்பார்களேயன்றி 'தோட்டம் வைத்திருக்கிறோம்' என்பவர் குறைவு. அப்படிச் சொன்னால் செல்வர் என்று நினைத்துவிடுவார்கள்!

இம்மாற்றம் நிகழ்ந்த மண் நம் காலடியிலேயே உள்ளது. 1800ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சுல்தானகத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற இக்கரைப் பகுதி, வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றது. பட்டர்வொர்த் என்னும் ஊர்ப்பெயரும் 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்தவருடையது. அவர் காலத்தை ஒட்டியே ஐரோப்பியர் இங்கே பெரும் பரப்பிற் கரும்பு பயிரிடத் தொடங்கினர்; அதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். அவ்வொப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. கரும்பு போய் இரப்பர் வந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துள்ளன. பத்து காவானில் செம்பனை நின்ற இடத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது.

அவ்வாறு எழுந்த குடியிருப்புகளுக்கு மலாயில் வழங்கும் பெயர் 'தாமான்'. அதன் நேர்ப்பொருள் பூங்கா. தாமான் பாகான், தாமான் செலாட், தாமான் இந்திராவாசே என நம் சுற்றுப்புறமெங்கும் பூங்காக்கள். ஆனால் அவற்றுட் பல, வரிசை வீடுகளும் மகிழுந்து நிறுத்தச் சிமெந்துத் தளமும் மட்டுமே. தமிழர் இச்சொல்லை மொழிபெயர்க்கவில்லை. 'தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம்' என்று ஒரு தலைமுறையே சொல்லியிருக்கிறது. அகராதிப்படி பார்த்தால் 'தோட்டத்திலிருந்து பூங்காவுக்கு' என்று பொருள்படும் அத்தொடருக்குள் வேலையிழப்பும் இடப்பெயர்வும் முதன்முதலாகச் சொந்த வீட்டுச் சாவியைப் பெற்ற மகிழ்ச்சியும் அடங்கிக் கிடக்கின்றன.

நீரிணையின் அக்கரையில் அழகுக்கென்று செடி வளர்க்கும் மரபு வேறு பாதையில் வளர்ந்தது. தீவில் முதலில் தோன்றிய அரசுத் தோட்டங்கள் சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களுக்கானவை. வருவாய் பொய்த்ததும் கைவிடப்பட்டன. இன்றைய தாவரவியல் பூங்கா 1884இல், பழைய கருங்கல் உடைப்புக் களமொன்றில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஆங்கிலேயர் அப்பள்ளத்தாக்கை அருவித் தோட்டம் என்றனர். மலாய்க்காரர் 'கெபுன் பூங்கா', அதாவது மலர்த்தோட்டம், என்றனர். தமிழர் கண்டது முருகனின் தண்ணீர்மலை. ஓரிடத்தை மூவர் மூன்றாகக் கண்டனர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ('பூங்கா' என்ற ஒலி மலாயில் மலரைக் குறிப்பது தற்செயல் ஒற்றுமையே. சொற்பிறப்பு ஆர்வலர்கள் பொறுத்தருள்க.) கர்ட்டிசின் பெயர் ஆர்க்கிட் வகையொன்றின் அறிவியற்பெயரில் நிலைத்துள்ளது. மண்வெட்டி பிடித்தவர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் வெளியிலிருந்து வந்த மரங்களுக்குப் பெயர் சூட்டும் வேலையை எளியவர்களே செய்தனர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரத்தின் மலரில் நாகம் குடைபிடித்த இலிங்கத்தைக் கண்டு 'நாகலிங்கம்' என்றது தமிழ் மனம். மாலையில் இலை மடக்கும் மழைமரம் தமிழில் 'தூங்குமூஞ்சி' ஆயிற்று. மலாயில் அதுவே 'ஐந்து மணி' மரம். இவற்றை எந்தக் கலைச்சொற்குழுவும் கூடி ஆக்கவில்லை.

அரசு இத்துறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது பிற்காலத்தில். 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தில் 1995இல் செய்யப்பட்ட திருத்தம் மரப் பாதுகாப்புக்கெனத் தனிப்பகுதியைச் சேர்த்தது, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்து அனுமதியின்றி வெட்டலாகாது என்ற விதி அதிலுள்ளது. மறு ஆண்டே தேசிய நிலத்தோற்றத் துறை நிறுவப்பட்டது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டம், பொதுச் சொத்தைப் பேணும் பொறுப்பை நிருவாக அமைப்பிடம் வைத்தது. ஆகவே முற்றத்து மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, யார் பணம் கட்டுவது என்பவை இன்று ஆண்டுக் கூட்டத்தில் வாதிடப்படும் பொருள்கள். வாதம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. தமிழ், பலகையில் ஒரு வரியாக வருகிறது. அந்த வரியும் விளங்குவதில்லை.

அம்முதியவருடன் நான் பல மாலைகள் அமர்ந்து குறிப்பெடுத்தேன். அவர் வேலையைச் செய்துகொண்டே சொன்ன சொற்கள் இவை: பாத்தி, நாற்றங்கால், பதியம், மூடாக்கு, கான், போத்து, கவாத்து. சிலவற்றைப் பற்றி நின்று பேச விரும்புகிறேன்.

'போத்து' என்பது, வேரில்லாத கிளையை வெட்டி நேரே நிலத்தில் ஊன்றி மரமாக்குவது. முருங்கையும் கிளுவையும் வைப்பவர்க்குத் தெரிந்த முறை. சிங்கப்பூர் 1967இல் தோட்ட நகரத் திட்டத்தைத் தொடங்கியபின், வேங்கைக்கு உறவான அங்சானா மரத்தின் பருங்கிளைகளை இவ்வாறே ஊன்றிச் சாலைகளுக்கு விரைந்து நிழல் உண்டாக்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'உடனடி மரம்' எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. நான் படித்த தமிழாக்கம் ஒன்றிலும் 'உடனடி மரம்' என்றே இருந்தது. உடனடிக் குழம்பியைப் போல. போத்து என்ற மூன்றெழுத்துச் சொல் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தது.

'கான்' என்பது நீர் வடிய வெட்டும் வாய்க்கால். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்நாட்டில், புல்வெளியின் உயிர் புல்லில் இல்லை, கானில் உள்ளது. நீர் தேங்கினால் வேர் அழுகும், கொசு பெருகும். எங்கள் குடியிருப்பில் வரைபடப்படி அமைத்த மலர்ப்படுகை முதல் பெருமழையிலேயே குளமாயிற்று. முதியவர் அன்று மாலை ஒரு முழ ஆழத்தில் சாய்வாகக் கான் வெட்டினார்; மறுநாள் நீர் இல்லை. 'குளம்' என்ற நம் சொல்லைக் 'கோலாம்' என மலாய்க்குத் தந்தவர்கள் நாம். தண்ணீரின் போக்கும் நம்மவர்க்குத் தெரிந்தே இருந்தது.

'கவாத்து' இன்னும் சுவையானது. கிளைகளை ஒழுங்குற நறுக்குவதைக் குறிக்கும் இச்சொல் உருது வழியாக வந்தது. படைவீரர் அணிப்பயிற்சி என்பதே அதன் முந்தைய பொருள். விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் 'பெரட்டு' என்பதும் ஆங்கிலத்தின் அணிவகுப்புச் சொல்தான். மரத்தையும் மனிதரையும் ஒரே படைத்துறைச் சொற்களால் வரிசைப்படுத்திய உலகம் அது. ஆதலின் இச்சொற்களை நான் கொண்டாடவில்லை. அவற்றின் மேல் வியர்வையும் அடியும் உண்டு. எங்கள் துறைக் கருத்தரங்கொன்றில் இவற்றை நான் வாசித்தபோது, மூத்த நண்பர் ஒருவர், "கூலிக்காலச் சொற்களை மேடையேற்றுவானேன்?" என்று வருந்தினார். அவர் தாயார் லயன் வீட்டில் அவரைப் பெற்றவர். அவ்வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை.

ஆயினும், பழைய சொல் இழிவைச் சுமக்கிறதென்று அதைப் புதைத்து, அதன் இடத்தில் எவர் வாயிலும் வழங்காத சொல்லொன்றை நடும்போது, இழிவோடு அறிவும் புதைபடுகிறது. 'நிலத்தோற்றக்கலை' துறைப்பெயராக இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு அது தேவை. ஆனால் மன்றம் தொகுக்கவிருக்கும் கலைச்சொல் ஏட்டில், செய்வினைகளுக்கெல்லாம் ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிய சொற்களை நிரப்புமுன், செபராங் பிறையில் இன்னும் எழுபது எண்பது வயதில் வாழும் தோட்டத்து மக்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்ல வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இச்சொற்கள் தெரியா. இதற்கு அதிகக் காலம் இல்லை.

பலகையை மாற்றுமாறு குழுவிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டனர். இப்போது அதில் 'இங்கே மரங்களுக்குக் கவாத்து நடைபெறுகிறது. கானைத் தாண்டும்போது கவனம்' என்றிருக்கிறது. முதியவர் படித்துப் பார்த்தார். "கவாத்து நேத்தே முடிஞ்சுபோச்சுங்க ஐயா," என்றார்.