வழக்குச் சொற்களில் மறைந்த கணக்கு

"இம்மியளவும் பிசகாது" என்று நாம் உறுதி கூறுகின்றோம். "அவன் சொல்லில் வீசம்கூட உண்மை இல்லை" என்று ஒருவரைப் பழிக்கின்றோம். இம்மி என்பது எவ்வளவு, வீசம் என்பது எவ்வளவு என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவினால், "மிகச் சிறியது" என்பதற்குமேல் விடை சொல்ல வல்லார் நம்மிற் சிலரே. ஆயின் இவை வெறும் உயர்வு நவிற்சிச் சொற்கள் அல்ல. வரையறுத்த அளவுடைய எண்களின் பெயர்களாம். வீசம் என்பது ஒன்றைப் பதினாறு கூறிட்டதில் ஒரு கூறு. இம்மி என்பது, எண்சுவடி வாய்பாட்டின்படி, ஒன்றை 21,50,400 கூறிட்டதில் ஒரு கூறு. இவ்வெண்களின் வரலாற்றை நம் சங்க அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலம் எனக் கருதி இச்சிறு கட்டுரை வரையப்படுகின்றது.

முதற்கண் ஒரு புதிர். ஒரு வேலி நிலமுடைய தந்தையார் ஒருவர், அந்நிலத்தில் மூத்த மகனுக்கு அரையும், இளைய மகனுக்குக் காலும், மகளுக்கு நாலுமாவும் எழுதிவைத்து, எஞ்சியதைக் கோயில் விளக்குக்கு விட்டார். விளக்குக்கு விட்ட நிலம் எவ்வளவு? படிப்போர் மனத்திற் கணித்து வைத்துக்கொள்க. விடை இறுதியிற் காண்க.

இப்புதிரை விடுவித்தற்குப் பழைய பின்ன வாய்பாட்டிற் சிறிது பயிற்சி வேண்டும். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா எனப்படும். மாவிற் பாதி அரைமா. அஃதாவது நாற்பதில் ஒன்று. மாவிற் காற்பங்கு காணி. அஃதாவது எண்பதில் ஒன்று. காணியிற் பாதி அரைக்காணி. அதிற் பாதி முந்திரி. எனவே முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்றாயிற்று. இனி, வீசத்திற்கு மற்றொரு பெயர் மாகாணி என்பது. அப்பெயரைப் பிரித்து நோக்குக. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் எண்பதில் ஐந்து. அதுவே பதினாறில் ஒன்று. ஒரு கூட்டற் கணக்கும் அதன் விடையும் ஒரே சொல்லில் அடங்கி நிற்கும் விந்தையை இங்கே காண்கின்றோம்.

முந்நூற்றிருபது என்னும் எண்ணை முன்னோர் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என ஒன்றைப் பாதி பாதியாகப் பகுத்துச் செல்வது ஒரு முறை. மா, இருமா, நாலுமா என இருபதின் கூறுகளாகப் பகுப்பது மற்றொரு முறை. பதினாறையும் இருபதையும் பெருக்கினால் முந்நூற்றிருபது வரும். ஆகவே முந்திரியைக் கடைசி அளவாகக் கொண்டால் இருமுறைப் பின்னங்களும் மீதமின்றி முழு முந்திரிகளாக அடங்கும். கால் என்பது எண்பது முந்திரி. மாகாணி இருபது முந்திரி. மா பதினாறு முந்திரி. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை மனப்பாடமாக ஓதியதன் பயன் இதுவே.

முந்திரியினும் சிறிய அளவு வேண்டுங்கால், அம்முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, மீண்டும் 320 கூறிட்டனர். இதனைக் 'கீழ்' என்னும் சொல்லாற் குறித்தனர். கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒன்று. அதனை இருபத்தொன்றாகப் பகுத்தது இம்மி. இவ்வாறு கீழ்க்கீழாகச் சென்ற கணக்கின் எல்லையைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காணலாம். கி.பி. 1010-இல் அக்கோயிலை முற்றுவித்த முதலாம் இராசராசன் காலத்தில், ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரையிற் கணக்கிட்டு எழுதியுள்ளனர். 320-ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கி, வந்ததை ஐந்தாற் பெருக்கினால் இவ்வெண் பிழையின்றி வருதலை ஐயமுடையார் கணித்துக் காண்க. அஃதாவது நான்கு படி கீழிறங்கிய நாலுமா இது.

பிற்கால வழக்கின்படி ஒரு வேலிக்கு 2,000 குழியும், ஒரு குழிக்கு 144 சதுர அடியும் கொண்டால், அப்பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர் ஆகும். ஓர் எள் மறைக்கும் இடத்தினும் அது சிறிது! இத்துணைச் சிறிய நிலத்தைக் கோல் வைத்து அளந்திருப்பரோ எனின், அன்று. ஊரின் மொத்த நிலத்தினின்றும் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சியதற்கே காணிக்கடன் விதித்தனர். அங்ஙனம் கழிக்குமிடத்துக் கணக்கில் வரும் மீதத்தைத் தள்ளிவிடாது எழுதினமையால் இந்நுண்மை தோன்றியது என்று கொள்ளலே பொருத்தம். உழவனிடத்தும் மிகையாகக் கொள்ளலாகாது, கோயிலுக்கும் குறைவு வரலாகாது என்னும் நேர்மையை அது காட்டுகின்றது.

இக்கணக்கு அரசர்க்கும் கணக்கர்க்கும் மட்டும் உரியதாய் இருந்ததில்லை. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூல், பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணும் வழியைக் கூறுகின்றது. காம்பைச் சூழ்ந்துள்ள சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அந்நூலின் விதி. நூறு முட்கள் இருப்பின் நூற்றிருபது சுளை. பலாப் பருவத்தில் நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் இதனைச் சோதித்துப் பார்ப்பாராக.

புலவரும் இவ்வெண்களை வைத்து விளையாடினர். பழைய எழுத்தில் எட்டுக்கு உரிய குறி அகரத்தையும், காலுக்கு உரிய குறி வகரத்தையும் ஒத்திருக்கும். ஆதலின் 'எட்டேகால்' என்றால் 'அவ' என்றாயிற்று. இவ்வொரு சொல்லைக் கொண்டே ஒருவரை அவலட்சணம் என்று இடித்துரைத்த தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகின்றது. காளமேகப் புலவரோ முக்கால் முதலிய பின்னப் பெயர்களை நிரல்பட அமைத்துக் காஞ்சி ஏகாம்பரநாதரைப் பாடினார். இருபதில் ஒன்றைக் குறிக்கும் ஒருமா, அத்தலத்து மாமரத்தையும் குறித்து நிற்கும் நயம் அங்கே உண்டு. கேட்போர்க்குப் பின்ன வாய்பாடு தெரியாதாயின் இத்தகைய சிலேடை எங்ஙனம் சுவைக்கும்? அந்நாளில் அது யாவர்க்கும் தெரிந்திருந்தது என்பதற்கு இப்பாடல்களே சான்று.

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற வழக்கு இருந்தவரையில் மாகாணிக் கணக்கு கடைவீதியிலேனும் உயிரோடிருந்தது. ஓரணா என்பது ரூபாயில் மாகாணியன்றோ? 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய் நூறு காசாகப் பகுக்கப்பட்டது. பின்னர் எடையும் அளவும் பதின்முறைக்கு மாறின. நாலணா என்று மக்கள் அழைத்துவந்த இருபத்தைந்து காசும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதாயிற்று. புதிய முறை எளியது. உலகோர் பலர்க்கும் பொதுவானது. அதனைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. பழையதைப் படிக்கும் திறமையையும் உடன் இழந்துவிட்டோமே என்பதுதான் கவலை.

இக்கவலை வெறும் பழமைப் பற்றினால் எழுவதன்று. நம் குடும்பங்கள் பலவற்றில், பரணிலும் பழம்பெட்டியிலும் பாட்டனார் காலத்து ஓலைகளும் பத்திரங்களும் கிடக்கலாம். நில விற்பனை, பாகப் பிரிவினை, கோயில் மகமை, திருமணச் சீர் ஆகியவற்றின் கணக்குகள் அவற்றில் இருக்கும். அவற்றின் எழுத்தைத் தட்டித் தடவிப் படிப்பவரும் எண்குறிகள் வந்தவிடத்துத் திகைத்து நிற்பர். வேலிக் கணக்கில் அரைமா என்பது ஐம்பது குழி. அரை என்பதோ ஆயிரம் குழி. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் இருபது மடங்கு வேறுபாடு! உடன்பிறந்தாரிடையே மனக்கசப்பு விளைய இஃதொன்றே போதும். படிக்க இயலாத ஓலையைப் பயனற்றது என்று எறிந்துவிடுவதோ அதனினும் கொடிது. பழுதுபட்ட ஏடுகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நெருப்பிலிடப்பட்ட செய்தியை டாக்டர் உ.வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். கோயிலில் நிகழ்ந்த அது வீட்டிலும் நிகழ வேண்டுமோ?

ஆதலின் அன்பர்களை வேண்டிக்கொள்வது இதுவே. வீட்டிலுள்ள ஓலைகளை எறியற்க, எரியற்க. ஈரமும் செல்லும் அணுகாதவாறு காத்து, அறிந்தாரைக் கொண்டு படிப்பித்துப் படி எடுத்து வைக்க. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், தஞ்சைச் சரசுவதி மகாலும், தமிழ்ப் பல்கலைக்கழகமும் இத்துறையில் வல்லாரை நாடுதற்குரிய இடங்கள். நம் சங்கத்தார் விடுமுறை நாட்களிற் பிள்ளைகளைக் கூட்டித் தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் கற்பிப்பாராயின், மிகுந்த பொருட்செலவின்றிப் பெரும்பயன் விளையும். உலக மொழிகளின் எழுத்துக்களைக் கணிப்பொறிக்கென வகுத்த யூனிகோடு தொகுதியில், 2019-ஆம் ஆண்டில், தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் பிறவுமாக 51 குறிகள் சேர்க்கப்பெற்றன. பொறியில் இடம்பெற்ற அவை நம் மக்கள் நெஞ்சில் இடம்பெறாமற் போதல் தகுமோ?

இனிப் புதிருக்கு விடை. ஒரு வேலி இருபது மா. மூத்தவனுக்குப் பத்து மா, இளையவனுக்கு ஐந்து மா, மகளுக்கு நான்கு மா; ஆகப் பத்தொன்பது. எஞ்சியது ஒருமா, அஃதாவது நூறு குழி. விடையை முன்னரே கண்டவர், தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தகுதி பெற்றவர் ஆவர். காணாதவர் வாய்பாட்டை ஒருமுறை ஓதிவிட்டுத் திறப்பாராக.